பாதுகாப்பு அனுமதியில் எதை முதலில் திருத்துவது?

அரசு ரகசியங்களைக் கையாளும் ஊழியர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் பின்னணியை விசாரித்துக் கொடுப்பது பாதுகாப்பு அனுமதி. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதி முறையைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு குறைகள் வந்துவிடும். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகும் அனுமதி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது என்பது ஒன்று. அத்தனை மாதம் விசாரித்தும் வரக்கூடாத ஆள் உள்ளே வந்துவிடுகிறார் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இவை தனித்தனி நோய்கள். தாமதத்தைத் தீர்க்கும் வழி, தவறான ஆள் நுழையும் இந்தக் கசிவைத் தீர்க்காது. சில சமயம் கூட்டவும் செய்யும். பழைய விசாரணையையே ஆட்களைக் கூட்டி வேகப்படுத்துவது, கணினி மூலம் தொடர்ந்து கண்காணிப்பது, பொய்யறியும் கருவியைப் பரவலாக்குவது, அனுமதி தேவைப்படும் பதவிகளையே குறைப்பது, மறுக்கப்பட்டவரின் முறையீட்டு உரிமையைப் பலப்படுத்துவது என்று பல யோசனைகள் அங்கே ஆண்டுக்கணக்கில் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றும் எந்த நோய்க்கானது என்று பிரித்துப் பார்த்தால் தேர்வு கொஞ்சம் எளிதாகும்.

முதலில் முறை எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பதாரர் எஸ்.எஃப். 86 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். நூறு பக்கத்தைத் தாண்டும் படிவம் அது. கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெங்கே குடியிருந்தீர்கள், அங்கே உங்களைத் தெரிந்தவர் யார், எந்த வேலையை ஏன் விட்டீர்கள், கட்டாத கடன் உண்டா, போதைப்பொருள் தொட்டதுண்டா, வெளிநாட்டில் உறவினர் யார், அவர்களோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவீர்கள் என்றெல்லாம் கேட்கும். பெற்றோர் வெளிநாட்டில் இருக்கிற, பின்னால் குடியுரிமை பெற்ற ஒரு பொறியாளருக்கு உறவினர் பகுதியை முடிக்கவே ஒரு வாரக் கடைசி போய்விடும். அதன் பிறகு விசாரணை அதிகாரி ஆவணங்களைத் திரட்டி, தேவையான இடங்களில் அக்கம்பக்கத்தாரையும் முன்னாள் மேலதிகாரிகளையும் நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார். அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அவரல்ல. வேறொரு அதிகாரி அந்த அறிக்கையை 13 வழிகாட்டு நெறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். விசுவாசம், வெளிநாட்டுத் தொடர்பு, பணநிலை, மது, குற்றப் பின்னணி, ரகசியத் தகவலைக் கையாளும் விதம் என்று அந்தப் பட்டியல் நீளும். பணநிலையில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். உளவாளிகள் அகப்படுவது அபூர்வம். கடன் அட்டை பாக்கியும் கட்டாத வரியும் அன்றாடம்.

ஒருமுறை கிடைத்த அனுமதி நிரந்தரமில்லை. மிக உயர்ந்த ரகசியத்துக்கான அனுமதியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கடுத்த நிலையைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் மறுவிசாரணை செய்ய வேண்டும் என்பது நெடுங்கால விதியாக இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடப்பது, ஊழியர் தானாக வந்து சொன்னால்தான் பெரும்பாலும் தெரியவந்தது.

பழைய முறையை வேகப்படுத்தினால்

வேகம் பற்றிய அக்கறை புதிதல்ல. 2004ஆம் ஆண்டின் உளவுத்துறைச் சீர்திருத்தச் சட்டம், விண்ணப்பங்களில் 90 விழுக்காட்டை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றது: விசாரணைக்கு 40 நாள், முடிவுக்கு 20 நாள். இலக்கு வைத்தாகிவிட்டது, ஆள் எங்கே? களப்பணியின் பெரும்பகுதி யு.எஸ்.ஐ.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1996இல் அரசுத் துறையிலிருந்தே பிரித்துத் தனியாராக்கப்பட்ட நிறுவனம் அது. கோப்பை முடித்து அனுப்பினால் பணம் என்பது ஏற்பாடு. முடிக்கவேண்டிய எண்ணிக்கை நெருக்கியபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பது 2014இல் நீதித்துறை தொடுத்த வழக்கில் வெளிவந்தது. சரிபார்த்தல் நடக்காமலே, நடந்ததாக முத்திரையிட்டுக் குறைந்தது 6.65 லட்சம் கோப்புகளை 2008 முதல் 2012 வரை தள்ளிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2015இல் சமரசம் ஆனது. தனக்கு வரவேண்டிய 3 கோடி டாலரை நிறுவனம் விட்டுக்கொடுத்தது.

இதிலிருந்து தனியார் கூடாது, அரசே செய்யட்டும் என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் வினை இருந்தது. கோப்பின் எண்ணிக்கையை வைத்து அரசு ஊழியருக்குப் பதவி உயர்வு கொடுத்தாலும் இதே வேலைதான் நடக்கும்.

யு.எஸ்.ஐ.எஸ். ஒப்பந்தம் 2014இல் முடிந்ததும் களத்தில் ஆள் போதாமல் போயிற்று. அடுத்த ஆண்டு இன்னொரு இடி. அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளில் புகுந்தவர்கள் 2.15 கோடிப் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்களை அள்ளிப் போனார்கள். 56 லட்சம் பேரின் கைரேகைகளும் அதில் அடக்கம். நம்பகமானவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காகத் திரட்டிய அந்தரங்கங்களை நம்பகமாகப் பாதுகாக்க முடியவில்லை. எந்தச் சீர்திருத்தமும் இன்னும் கொஞ்சம் தகவல் வேண்டும் என்று கேட்கும்போது இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

நிலுவை 2018 ஏப்ரல் வாக்கில் 7.25 லட்சத்தைத் தொட்டது. உயர்ந்த நிலை அனுமதிக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த ஜனவரியிலேயே அரசின் கணக்காய்வு அலுவலகம் இந்த முறை முழுவதையும் தன் அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2020 தொடக்கத்தில் நிலுவை ஏறத்தாழ 2 லட்சத்துக்கு இறங்கியது. விசாரணையாளர்களைக் கூட்டியது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு: காலமுறை மறுவிசாரணைகள் பலவற்றை நிறுத்தி, அவர்களைக் கணினிக் கண்காணிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதாவது பழைய முறையை வேகப்படுத்தும் முயற்சி, பழைய முறையின் ஒரு பகுதியைக் கைவிட்டதால்தான் ஓரளவு வென்றது.

தொடர் கண்காணிப்பு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

அந்தக் கணினிக் கண்காணிப்புதான் இன்று நடப்பிலிருக்கும் சீர்திருத்தத்தின் மையம். 2018இல் தொடங்கிய 'டிரஸ்டட் வொர்க்ஃபோர்ஸ் 2.0' திட்டத்தின்படி, அனுமதி வைத்திருப்பவரின் பெயரைக் குற்றப் பதிவு, கடன் பதிவு, சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம், வெளிநாட்டுப் பயணம், பயங்கரவாதத் தொடர்பு, பொது ஆவணங்கள் ஆகியவற்றோடு கணினி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது சிக்கினால் எச்சரிக்கை போகும். 2019இல் விசாரணைப் பொறுப்பின் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் டி.சி.எஸ்.ஏ. அமைப்புக்கு மாறியது. 2021 அக்டோபருக்குள் பாதுகாப்புத் துறை சார்ந்த சுமார் 36 லட்சம் பேர் இதில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள்.

செலவை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. உயர்நிலை அனுமதிக்கு முழுக் கள விசாரணை என்றால் ஒருவருக்கு ஐந்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். கண்காணிப்புக்குத் தலைக்கு மாதம் ஒருசில டாலர். ஐந்து ஆண்டு தூங்கிவிட்டு விழித்துப் பார்ப்பதைவிட, கைதான மறுநாளே தெரிவது மேல் என்பதிலும் சந்தேகமில்லை.

ஆனால் கசிவைத் தடுக்குமா? இதைப் பழைய சம்பவங்களில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

2013 செப்டம்பர் 16. வாஷிங்டனின் கடற்படை வளாகத்துக்குள் ஆரன் அலெக்சிஸ் செல்லுபடியாகும் அடையாள அட்டையோடு நுழைந்து 12 பேரைச் சுட்டுக் கொன்றார். ஒப்பந்த நிறுவனமொன்றின் கணினிப் பணியாளர். கடற்படையில் சேர்ந்தபோது பெற்ற, பத்தாண்டு செல்லக்கூடிய அனுமதி அவரிடம் இருந்தது. 2004இல் சியாட்டிலில் ஒரு கட்டடத் தொழிலாளியின் காரின் சக்கரங்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதானவர் அவர். பின்னணி அறிக்கையில் அது எப்படிப் பதிவாயிற்று தெரியுமா? வண்டியின் டயர்களில் காற்றை இறக்கினார் என்று. துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. உள்ளூர்க் காவல்துறையின் மூல அறிக்கையை யாரும் வாங்கிப் படிக்கவில்லை.

2010இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில், குடியிருப்பில் துப்பாக்கி வெடித்ததற்காக அவர் மறுபடி கைதானார். தொடர் கண்காணிப்பு அப்போது இருந்திருந்தால் இந்தக் கைது எச்சரிக்கையாக வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதுவரை கணினிக்கு வெற்றி. ஆனால் படுகொலைக்கு ஒரு மாதம் முன்பு, 2013 ஆகஸ்டில், ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அவரே காவலர்களிடம் தனக்குக் குரல்கள் கேட்பதாகவும் யாரோ நுண்ணலைக் கருவியால் தன்னைத் துன்புறுத்துவதாகவும் சொன்னார். காவலர்கள் அந்தத் தகவலை அருகிலிருந்த கடற்படைத் தளத்துக்கும் அனுப்பினார்கள். அவருடைய நிறுவனத்துக்கும் அவர் நிலை தெரிந்திருந்தது. யாரும் மேலே சொல்லவில்லை. அன்று கைது இல்லை, வழக்கு இல்லை. இன்றைய கண்காணிப்பு இருந்திருந்தாலும் அந்த இரவைப் பற்றி எந்தத் தரவுத்தளமும் வாய் திறந்திருக்காது.

பத்து ஆண்டு கழித்து ஜாக் டெஷேரா. மாசசூசெட்சின் ஓட்டிஸ் தளத்தில் விமானப்படைத் தேசியக் காவல் பிரிவில் இருந்த, 21 வயது இளைஞர். இணைய அரட்டைக் குழுவில் உக்ரைன் போர் உள்ளிட்ட மிக ரகசிய ஆவணங்களைப் பதிந்ததற்காக 2023 ஏப்ரலில் கைதானார். 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறைத்தண்டனை. இவர் தொடர் கண்காணிப்புக் காலத்து ஆள். பள்ளியில் படிக்கும்போதே, 2018இல், ஆயுதங்கள் பற்றிப் பேசியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டவர். அப்படியும் 2021இல் மிக உயர்ந்த ரகசிய அனுமதி கிடைத்தது. வேலையில் தனக்குச் சம்பந்தமில்லாத உளவுத் தகவல்களைக் குறிப்பெடுப்பதை மேலதிகாரிகள் பார்த்தார்கள், எச்சரித்தார்கள், மறுபடி பார்த்தார்கள். பாதுகாப்புப் பிரிவுக்கு முழு விவரத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் அளவுக்கு மீறி நடவடிக்கை எடுத்துவிடுவார்களோ என்று சிலர் வேண்டுமென்றே மறைத்ததாக விமானப்படைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை சொல்கிறது. 15 பேர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது.

அந்தப் பயம் எனக்கு ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. சக ஊழியனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாழ்க்கையே போய்விடும் என்ற நிலை இருந்தால், நல்லவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மனநல ஆலோசனை விஷயத்திலும் இதுவே கதை. படிவத்தின் 21ஆம் கேள்வி, சிகிச்சை பெற்றதையே ஒரு குறைபோலக் கேட்டுவந்தது. போரால் வந்த மனச்சிக்கலுக்கான ஆலோசனைக்கு 2008இல் விலக்கு வந்தது. 2016இல் கேள்வியின் நோக்கத்தையே மாற்றினார்கள். சிகிச்சை பெற்றதை மட்டும் காரணமாக வைத்து அனுமதி மறுக்கப்படுவது மிக மிகக் குறைவு. இருந்தும் அனுமதி போய்விடும் என்று பயந்து மருத்துவரிடம் போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனவே தொடர் கண்காணிப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலமுறை மறுவிசாரணையோடு ஒப்பிட்டால் அதுவே மேல். திரும்பிப் போவதில் அர்த்தமில்லை. கைது, கடன், பயணம் போன்ற பதிவாகும் செயல்களுக்கு அது சரி. பதிவாகாதவற்றை, உடன் வேலை செய்கிறவர்களின் கண்தான் பார்க்கும். தரவுத்தளத்துக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை, சிறிய தகவலுக்குச் சிறிய நடவடிக்கை என்ற நடைமுறையை உருவாக்கச் செலவிடலாம். ஆலோசனை, தற்காலிக இடமாற்றம், சில கோப்புகளை மட்டும் நிறுத்திவைத்தல் என்று அனுமதியைப் பறிப்பதற்கு முன்னால் பல படிகள் இருந்தால், சொல்வதற்கு ஆள் வருவார்கள்.

பொய்யறியும் கருவி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டு 1985 முதல் சோவியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் பொய்யறியும் சோதனையைத் தாண்டினார். அதற்கிடையில் 5.4 லட்சம் டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார். ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். பிடிபட்டது 1994இல். ஊழியர் தேர்வுக்கு நம்பும் அளவுக்கு இந்தக் கருவி துல்லியமானதல்ல என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு 2003இல் சொல்லிவிட்டது. உண்மையைக் கறக்க மிரட்டும் பொருளாக அது வேலை செய்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் தேறியவர் மேல் பொய்யான நம்பிக்கையை வளர்ப்பதுதான் அதன் பெரிய கேடு. விரிவாக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அனுமதி தேவைப்படும் நாற்காலிகள்

என் தேர்வு இங்கேதான் நிற்கிறது. அமெரிக்க உளவுத்துறையின் ரகசிய ஆவணங்களை 2013இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்த எட்வர்ட் ஸ்னோடன், அலெக்சிஸ், டெஷேரா மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோக்கங்கள் வேறு, செயல்கள் வேறு. ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ததோடு சமமாக்க முடியாது. ஆனால் மூவருமே கணினிப் பிரிவு ஆட்கள். ஸ்னோடனும் டெஷேராவும் ரகசியத்தைப் படித்து முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்கள் அல்ல. ரகசியம் ஓடும் வலைப்பின்னலைப் பழுதில்லாமல் வைத்திருப்பது சார்ந்த பணிகளில் இருந்தவர்கள். குழாயைப் பழுதுபார்க்க வந்தவருக்குக் கிணற்றையே திறந்துவிட்டது போன்ற ஏற்பாடு இது. எவ்வளவு நுணுக்கமாக விசாரித்தாலும், இவ்வளவு பேருக்கு இவ்வளவு திறந்துவிட்டால் நூறாயிரத்தில் ஒருவர் தவறினாலும் போதும்.

2013 அக்டோபர் கணக்குப்படி 51 லட்சம் பேர் பாதுகாப்பு அனுமதிக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். ஸ்னோடன் விவகாரத்துக்குப் பிறகு, உண்மையில் இவருக்கு இது தேவையா என்று ஒவ்வொரு பதவியையும் மறுபார்வை பார்க்கச் சொன்னார்கள். ஓர் ஆண்டில் எண்ணிக்கை 45 லட்சமாகக் குறைந்தது. புதிய கருவி இல்லை, புதிய சட்டம் இல்லை. ஒரு கேள்வி கேட்டதற்கே 6 லட்சம் பேர் பட்டியலிலிருந்து போனார்கள். அந்த வேகம் பிறகு தொடரவில்லை. தன் பிரிவில் அனுமதி பெற்ற ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க எந்த அலுவலகத் தலைவரும் தானாக முன்வருவதில்லை. ஆள் அதிகம் இருந்தால் வேலையை மாற்றிக் கொடுக்க வசதி. ஒப்பந்த நிறுவனங்களுக்கோ அனுமதி பெற்ற ஊழியர்தான் மூலதனம். அதனால் மேலிருந்து வற்புறுத்தாமல் இது நடக்காது.

இந்த வழி தாமதம், கசிவு இரண்டையும் ஒருசேரத் தொடும் ஒரே வழி என்பதைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் குறைந்தால் வரிசை குறையும். படிப்பவர் குறைந்தால் கசியும் இடங்களும் குறையும். இதற்கும் ஒரு விலை உண்டு. தேவைக்கு மேல் இறுக்கினால் 2001 செப்டம்பர் 11க்கு முன் நடந்ததுபோல ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குப் போகாது. அந்தத் தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் தகவல் பகிர்வைக் கூட்டச் சொன்னதன் விளைவுதான் இத்தனை பேருக்குக் கதவு திறந்தது. ஆகவே குறைக்க வேண்டியது ஆய்வாளர்களின் எண்ணிக்கையை அல்ல. படிக்கத் தேவையில்லாத, ஆனால் படிக்க முடிகிற ஆட்களின் எண்ணிக்கையை. கணினி நிர்வாகிக்கு உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பது தொழில்நுட்பத்தில் முடியாத காரியமல்ல.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்று: ஒரு துறை கொடுத்த அனுமதியை இன்னொரு துறை ஏற்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இருந்தும் பல துறைகள் மறுபடி தங்கள் பங்குக்கு ஒரு சோதனை வைக்கின்றன. அதே மனிதர், அதே கோப்பு, இன்னொரு காத்திருப்பு. புதிய திட்டத்தில் இந்த மாற்றத்தை ஒரு தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். நடைமுறைக்கு வந்தால் செலவே இல்லாத ஆதாயம்.

பறிக்கப்பட்டவர் எங்கே போவார்

எல்லாரும் கடைசியாக வைக்கும் யோசனை முறையீடு. தொடர் கண்காணிப்பு வந்த பிறகு இதைக் கடைசியில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த சந்தேகம் இப்போது எந்த நாளும் வரலாம். கடன் பதிவில் பெயர்க் குழப்பம், வேறொருவரின் வழக்கு உங்கள் பெயரில் ஏறியிருத்தல் எல்லாம் அபூர்வமல்ல.

அனுமதியைத் தவறாகப் பறித்த வரலாறும் உண்டு. 1953இல் அதிபர் ஐசனாவர் பிறப்பித்த 10450ஆம் நிர்வாக ஆணையில் பாலியல் பிறழ்வு என்ற ஒரு வரி இருந்தது. அதை வைத்து ஒருபாலீர்ப்பினர் ஆயிரக்கணக்கில் அரசு வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். பாலியல் நாட்டத்தைக் காரணமாக்கக் கூடாது என்று கிளிண்டனின் 12968ஆம் ஆணை சொல்ல 1995 ஆயிற்று. அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவர் ஓப்பன்ஹைமரின் அனுமதியை 1954 ஜூனில், அது காலாவதியாவதற்கு ஒரு நாள் முன்பு, மறுத்தார்கள். அந்த விசாரணை முறைகேடானது என்று எரிசக்தித் துறை அந்த முடிவை ரத்து செய்தது 2022 டிசம்பரில். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நீதிமன்றம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. அனுமதி மறுப்பின் சரி தவறைப் பணியாளர் முறையீட்டு வாரியம் ஆராய முடியாது என்று 1988இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கீழ் நீதிமன்றங்களும் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு அரசு ஊழியர் பலரைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1959இல், அனுமதி பறிக்கப்பட்ட ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவர் தொடுத்த கிரீன் எதிர் மெக்கெல்ராய் வழக்கில் தோற்ற அரசு, அடுத்த ஆண்டே 10865ஆம் ஆணையைக் கொண்டுவந்தது. அதன்படி ஒப்பந்த ஊழியருக்குப் பாதுகாப்புத் துறையின் முறையீட்டு அலுவலகத்தில் நிர்வாக நீதிபதி முன் விசாரணை உண்டு. தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டுப் பொதுவில் வெளியாகின்றன. எந்தக் கடனுக்கு என்ன விளக்கம் எடுபடும் என்று அடுத்தவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த ஏற்பாட்டை அரசு ஊழியர் அனைவருக்கும் நீட்டிப்பது பெரிய செலவில்லாத காரியம்.

முறையின் பெரும்பகுதி சட்டத்தில் இல்லாமல் அதிபரின் ஆணைகளில் நிற்பதும் கவனிக்கத்தக்கது. 2025 ஜனவரி 20 அன்று ஒரே நாளில், பின்னணிச் சோதனை முடியாத வெள்ளை மாளிகைப் பணியாளர்களுக்கு ஆறு மாத இடைக்கால அனுமதியும், சுமார் ஐம்பது முன்னாள் அதிகாரிகளின் அனுமதி ரத்தும் அதிபர் டிரம்ப் ஒருவரின் கையெழுத்தில் வந்தன. யாருக்குக் கொடுத்தார், யாரிடம் பறித்தார் என்ற கட்சிச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த அதிபரும் இதையே தலைகீழாகச் செய்யலாம். எச்சரிக்கை வந்தால் அதன் நகல் எத்தனை நாளில் ஊழியருக்குப் போக வேண்டும், பதில் சொல்ல எவ்வளவு அவகாசம், அதுவரை சம்பளம் உண்டா, கேட்கும் நீதிபதி யார் என்ற நான்கையும் நாடாளுமன்றம் சட்டமாக எழுதிவிட்டால், கணினி தரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் இன்னும் துணிவாகவே பயன்படுத்தலாம்.